காலி மணல் என்று எழுதினவளுக்கு

பூன்டா பார்தா,
ஆகஸ்ட் 9

என் செல்லப் பேத்தி யஸ்னாவுக்கு, பாட்டி எல்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம்.

உன் தம்பி நெல்சன் இழுவைப் படகு ஓட்டும் பரீட்சையில் தேறிவிட்டான். உன் அத்தை மகள் கர்லா நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். நீயோ சாந்தியாகோவில் துறைமுகத் திட்ட ஆபீசில் என்ஜினீயர். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தியாக்கும் என்று மீன் சந்தையில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. போன வியாழக்கிழமை வரைக்கும்.

அன்றைக்குத்தான் உங்கள் ஆபீஸ்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்தில் புதுத் துறைமுக வரைபடத்தை மாட்டினார். நாற்பது வருஷம் கழித்து வரப்போகும் பெரிய கப்பலுக்கு இடம், ஏறப்போகும் கடலுக்கு உயரமான சுவர். நல்லதுதான். போன குளிர்காலத்தில் அலை கோயில் படிவரை வந்ததை நானும் பார்த்தேன். சுவர் வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நம் படகுகளை ஏற்றி வைக்கிற கரையில் சரக்குப் பெட்டி அடுக்க இடம் குறித்து, "பயன்படாத காலி மணல்" என்று எழுதியிருக்கிறது. கீழே உன் பெயர்.

மீனவர் சங்கத் தலைவன் ரொலாண்டோ எல்லோர் முன்னாலும், "எல்பாம்மா, உங்க பேத்தி கணக்குல நாமெல்லாம் செத்தாச்சு போல. நம்ம கல்லறையில மெழுகுவத்தி ஏத்த ஆள் வச்சிருக்காளா?" என்று கேட்டான். ஊரே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எதை வைத்து இப்படி எழுதினீர்கள் என்று ஆபீஸ்காரரிடம் கேட்டேன். "மேலேருந்து எடுத்த போட்டோ இருக்கு பாட்டி. ஒரு படகுகூட இல்ல, நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். மூலையில் தேதி, ஜூன் 29.

அடிப் பாவி, அது மீனவர்களைக் காக்கிற சான் பெத்ரோவின் திருநாள்! அன்றைக்கு மணலில் ஒரு படகும் கிடக்கக்கூடாது. எஞ்சின் செத்ததைக்கூடக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, புனிதர் சிலை ஏறிய படகுக்குப் பின்னால் கடலுக்குப் போவோம். படம் எடுக்க வந்தவனுக்குத் தெரியாது, விடு. புனிதரின் படகில் உட்கார்ந்து பூ எறிந்து வளர்ந்தவள் நீ. தேதியைப் பார்க்க உனக்குக் கண் இல்லையா? கடல் பக்கம், படம் முடிகிற ஓரத்தில், நாலைந்து புள்ளி தெரிகிறது. அது நாங்கள்தான்.

செப்டம்பர் கூட்டத்தில் முடிவாகிவிட்டால் பிறகு மாற்ற முடியாதாம். உன் மேலதிகாரி முன்னால் தப்பை ஒத்துக்கொள்வது உனக்குக் கஷ்டம், தெரியும். இருந்தாலும் எழுந்து நின்று சொல். சொல்லாமல் இந்த ஊருக்கு வராதே என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை.

சான் பெத்ரோ உன் நாக்குக்குத் தைரியம் கொடுக்கட்டும். சாதாரண நாள் ஒன்றில், படகெல்லாம் கரையேறியதும், மறுபடி மேலேயிருந்து எடுக்கச் சொல். கூட்டத்தில் அதை வை. அந்தப் புதுப் படத்தில் ஒரு பிரதியை எனக்கும் தபாலில் அனுப்பு.

உன் பாட்டி
எல்பா