பச்சை மையில் அடித்த பெயர்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

இறையருளால் நலம். உன் நலமும் அவன் திருவடிக்கே விண்ணப்பம்.

நீ பதிப்பித்து அனுப்பிய அகராதி கிடைத்தது. முதல் பக்கத்தில் நான் எழுதிய கடவுள் வாழ்த்தும், கீழே என் பெயரும் கண்டு மகிழ்ந்தேன். தொகுத்தோர் பட்டியலில்தான் ஒரு பெயர் இல்லை. பதினோரு ஆண்டுகள் உன் மனைவியாகவும், உன் அலுவலகத்தில் சொற்பொருள் எழுதுபவளாகவும் இருந்தவளின் பெயர். மணமுறிவு உங்கள் இருவர் பாடு, நூல் அப்படியன்று.

‘இக்னோமினி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அவள் எழுதியதைப் படித்தாயா? “மானக்கேடு. லத்தீன் மூலத்தில், பெயர் இன்மை. நற்பெயரைப் பறிகொடுத்த நிலை.” அதை அச்சேற்றிவிட்டு, எழுதியவளின் பெயரையே விட்டிருக்கிறாய். பிழையென்றால் திருத்து.

ஆசிகளுடன்,
அண்ணன்

ஜூன் 11

அண்ணாவுக்கு வணக்கம்.

மூட்டுவலி தேவலையா? பெயர் விடுபட்டது அச்சகத்துப் பிழை. பிரதிகளெல்லாம் கடைகளுக்குப் போய்விட்டன. இதைப் பெரிதுபடுத்தாதீர்கள். மறுபதிப்புக்கு வாழ்த்துப் பாடலில் இன்னும் நான்கு அடி சேர்த்துத் தந்தால் பக்கம் நிறையும்.

அன்புள்ள,
தம்பி

ஜூன் 19

பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வாழ்த்துப் பாடலைச் சரிபார்க்க நீர் அனுப்பிய மெய்ப்புத்தாள்களை இன்று மீண்டும் பிரித்தேன். பட்டியல் பக்கமும் அவற்றுள் இருந்தது. அவள் பெயர் பச்சை மையால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் “வேண்டாம்” என்று உம் கையெழுத்து. அடித்ததைவிட, அச்சுக் கோத்தவன் தலையில் பழியைப் போட்டதுதான் எனக்குக் குமட்டுகிறது.

நேற்று அவள் வந்திருந்தாள். அகராதியில் ‘இக்னோமினி’ இருந்த பக்கத்தைப் புரட்டிச் சிரித்தாள். “பாருங்க மாமா, எனக்கு நடக்கப்போறத நானே எழுதி வச்சிருக்கேன்!” பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “இதுல ஒரு காற்புள்ளி தப்பா விழுந்திருக்கு. அவர்கிட்ட சொல்லிடுங்க” என்றாள். நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

காலைதோறும் இறைவன் திருநாமம் சொல்லும் நாவு இது. அவன் புகழைப் பொய்க்கு வாயிற்படியாக வைக்க ஒப்பேன். கடைவீதி சென்று ஒரு பச்சைப் பேனா வாங்கினேன். என் பாடலையும் பெயரையும் அடித்த தாளை இத்துடன் வைத்துள்ளேன். மறுபதிப்பில் இரண்டு பெயர்களும் இருக்கட்டும். இல்லையேல் இரண்டும் இல்லாதிருக்கட்டும்.

காற்புள்ளியைத் திருத்திவிடும். கீழே ஒப்பம் தேடவேண்டாம்.