இரண்டு முறை பார்த்த மூக்கு

வின்னிபெக்
மார்ச் 4

அன்புள்ள அங்கஸ்,

நலமாய் இருப்பாய். இங்கே இன்னும் பனி. மின்னஞ்சல் என்றால் ஆய்வுக் கோப்பில் ஏறிவிடும், அதனால் தபால்.

நான் நடத்தும் ஆய்வில் நாள்பட்ட சைனஸ்காரர்களில் பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருடைய மூக்கு, ஊசிக்கு முன்பா பின்பா என்று தெரியாமலே நீ வீடியோ பார்த்து, உள்ளே வளர்ந்த சதைக்கு மதிப்பெண் போடுகிறாய்; சதை சுருங்கினால் எண் குறையும். மருந்து நன்றாக வேலை செய்கிறது. மிக நன்றாக.

"அந்த டாக்டர் பாத்தா மட்டும் எல்லா மூக்கும் ஆறிப்போயிடுது" என்கிறாள் நர்ஸ் டார்லீன். சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

மருந்துக் கம்பெனிக்காரர்களோடு மீன்பிடிக்கப் போனாயாமே?

உன்
ஓரெஸ்ட்

ஹாலிஃபாக்ஸ்
மார்ச் 15

ஓரெஸ்ட்,

போனேன். ஒரு மீனும் சிக்கவில்லை.

டார்லீனிடம் சொல்: "எது முன்னாடி எடுத்தது, எது பின்னாடி எடுத்ததுன்னு எனக்கே தெரியாதும்மா."

கேட்க வேண்டியதை நேராகக் கேள். முப்பது வருடப் பழக்கம் நமக்கு.

அங்கஸ்

வின்னிபெக்
மார்ச் 26

அன்புள்ள அங்கஸ்,

கோபப்படாதே. வேலை அதிகம், தூக்கம் குறைவு.

இத்துடன் பென்டிரைவ். இரண்டு வீடியோ. அவசரத்தில் தேதியை மறைக்க விட்டுப்போயிற்று: ஒன்று ஊசிக்கு முன், மற்றது ஆறு மாதம் கழித்து. அதைப் பொருட்படுத்தாமல் மதிப்பெண் போட்டு அனுப்பு.

என்றும் உன்
ஓரெஸ்ட்

ஹாலிஃபாக்ஸ்
ஏப்ரல் 3

ஓரெஸ்ட்,

இரண்டுக்கும் மூன்று மதிப்பெண்.

ஒரே வீடியோ, இரண்டு தேதி. பின்னதற்குக் குறைத்துப் போடுவேன் என்று காத்திருந்தாய்.

அது நோயாளியின் மூக்கும் இல்லை, உன்னுடையது. கல்லூரி ஐஸ் ஹாக்கியில் ரப்பர் வட்டு பட்டு அது உடைந்தபோது பஞ்சு வைத்து அடைத்தவன் நான். அந்த வளைவு எனக்குத் தெரியாதா?

என் மதிப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய், வீடியோவைப் பார்க்கவில்லை. சதை இடப்பக்கம் மட்டும். சைனஸில் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் மேற்பரப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு கட்டியாக இருக்கலாம். உடனே யாரிடமாவது காட்டு. ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்.

ஆய்விலிருந்து விலகிக்கொள்கிறேன். இனி எனக்கு வீடியோ அனுப்பாதே. கடிதமும் வேண்டாம்.

பரிசோதனை முடிவை மட்டும் அனுப்பு.

அங்கஸ்