பழைய விலையில் ஒரு பெட்டி தோட்டா

செப். 27, சனி

காலையிலிருந்து தூறல். இட்லிக்கு ஊறப் போட்டாச்சு. முட்டி வலி, தைலம் தீர்ந்துவிட்டது.

பிரபுவிடம் இன்றும் கேட்டேன். நாளை ஞாயிறு, அப்பாவோடு போவேனே அந்தத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு ஒரு தடவை கூட்டிப் போ, அவர் துப்பாக்கியில் கொஞ்ச நேரம் சுட்டுவிட்டு வருகிறேன் என்று. லேப்டாப்பிலிருந்து தலை தூக்கவில்லை. புல்லட் விலை ரொம்ப ஏறிவிட்டதாம், அப்புறம் பார்க்கலாமாம். இது நாலாவது முறை. துப்பாக்கி எங்கே என்றால் ஆபீஸ் சிநேகிதர் வீட்டில், துடைக்கக் கொடுத்திருக்கிறதாம். இவன் அப்பா போய்ச் சேர்ந்து எட்டு மாசம். எட்டு மாசமாகவா துடைக்கிறார்கள்? அவர் என்றால் என் பழைய பாவாடைத் துணியை வைத்துக் கால் மணியில் முடித்துவிடுவார்.

பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. சிக்கனம் அவன் அப்பாவிடமிருந்து வந்தது. விலைதான் தடை என்றால் மலிவாக எங்கே கிடைக்கும் என்று நானே தேடிப் பிடிக்கிறேன். அவரோடு கடை கடையாக அலைந்தவள், எனக்குத் தெரியாதா?

செப். 28, ஞாயிறு

வெயில். பளிச்சென்று. ரேஞ்சுக்குப் போக நல்ல நாள்.

எட்டு மணிக்கு நானாகவே சமையலறை ஜன்னலுக்குப் போய் நின்றேன். அவர் அந்த நேரத்துக்குத்தான் காரை வெளியே எடுப்பார். பிளாஸ்கில் காபி, டப்பாவில் தயிர்சாதம், சத்தம் தாங்க ரெண்டு பேருக்கும் காதடைப்பு. டப்பாவைக் கழுவி மேல் தட்டில் வைத்தது, எடுக்கவே இல்லை.

ஈரோட்டில் நகைக்கடை வாசலில் பதினெட்டு வருஷம் துப்பாக்கியோடு நின்ற மனுஷன். காக்கிச் சட்டை, தோளில் பட்டை. உள்ளே தோட்டா போட முதலாளி விடவில்லை, ஏதாவது ஆகிவிடும் என்று பயம். பதினெட்டு வருஷமும் காலித் துப்பாக்கி. இங்கே அமெரிக்கா வந்து அறுபத்திரண்டு வயதில்தான் முதல் தடவை சுட்டார். குறி வைக்கும் காகிதத்தின் ஓரத்தில் ஒரு ஓட்டை. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, வீடு வரும் வரைக்கும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறு வாரமே எனக்கும் கற்றுக்கொடுத்தாகிவிட்டது.

ஆளுக்கு மூன்று பெட்டி தோட்டாதான் என்று கடையில் எழுதிப் போட்டிருந்த காலம் ஒன்று. என்னை வேறு வரிசையில் நிற்கச் சொல்வார். யாரோ எவரோ போல நிற்க வேண்டும். நான் சேலையில், அவர் நெற்றியில் திருநீறோடு. அந்தக் கடையில் வேறு யார் அப்படி? ஒரு நாள் மறந்துபோய் இந்த வரிசையிலிருந்து கூப்பிட்டுவிட்டேன். "ஏனுங்க, பர்சு உங்ககிட்டங்க." கல்லாவில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். அவர் மட்டும் என்னைத் தெரியாதவர் மாதிரியே பர்சை நீட்டினார்.

மலிவுத் தோட்டாவில் ஒரு சங்கடம். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி. ஆனால் ஒரு தடவை செய்தது நேராகப் போகும், அடுத்த தடவை செய்தது கண்ட பக்கம் போகும். அதனால் முதலில் ஒரே பெட்டி வாங்குவார். பத்து சுட்டுப் பார்ப்பார். நன்றாக இருந்தால் வண்டியைத் திருப்பிக் கடைக்கு. பெட்டி மடிப்பில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நம்பர் இருக்கும், அதே நம்பர் போட்டதாகத் தேடி எடுக்க வேண்டும். நம்பர் பார்ப்பது என் வேலை. அஞ்சாவது படித்தவளுக்கு இங்கிலீஷில் அது ஒன்று தடங்கல் இல்லாமல் வரும்.

மதியம் தூங்கவில்லை.

செப். 29, திங்கள்

வாங்க: தைலம், கறிவேப்பிலை, சாம்பிராணி, தோட்டா.

ரா. மாமி போன் எடுத்தாள். நாளை வருகிறாள். எதற்கு என்று நான் முழுசாகச் சொல்லவில்லை.

செப். 30, செவ்வாய்

கால் வீங்கிவிட்டது. ஆனால் சந்தோஷம்.

ராஜி மாமி கோயிலில் பழக்கம், மயிலாப்பூர்க்காரி, என்னைவிட மூன்று வயது பெரியவள். ஃப்ரீவேயில் ஏற மாட்டாள். ஓரச் சாலையிலேயே உருட்டிக்கொண்டு போவாள், பின்னால் ஆரன் அடித்தால் அவர்களுக்குத்தான் புத்தி இல்லை என்பாள். எங்கே போகிறோம் என்று பாதி வழியில் சொன்னேன்.

"கறிவேப்பிலைன்னு சொல்லி என்னைக் குண்டு வாங்க இழுத்துண்டு போறியாடி? எம் பிள்ளைக்குத் தெரிஞ்சா கார் சாவியைப் பிடுங்கிடுவான்."

திரும்பிவிடலாமா என்று கேட்டேன். இவ்வளவு தூரம் வந்தாச்சே என்றாள்.

முதல் கடை பெரியது. அங்கே விலை நிஜமாகவே ஏறித்தான் இருந்தது, பிரபு பொய் சொல்லவில்லை. ரெண்டாவது கடையில் இருப்பு இல்லை. மூன்றாவது குதிரைத் தீவனக் கடை, அவர் எப்போதாவது போவது. கோழித்தீனி மூட்டை, சேணம், தாம்புக்கயிறு, அதற்குப் பக்கத்தில் தோட்டா. நுழைந்ததும் தவிட்டு வாசனை. அவர் ஆணி போட்டு வைத்திருந்த காலிப் பெட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், அதைக் காட்டினேன். கடையில் இருந்த தொப்பிக்காரர் பின்னால் போய் ரொம்ப நேரம் கழித்துத் தூசியோடு ஒரு பெட்டி கொண்டுவந்தார். அதே நீலப் பெட்டி, ஐம்பது தோட்டா. ஒன்றுதான் மிச்சம். மேலே பழைய ஸ்டிக்கர். மாமி இங்கிலீஷில் பேசிப் பார்த்தாள். ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் விலை என்று சொல்லிவிட்டார்.

அவர் கடைசியாக வாங்கிய அதே விலை! மடிப்பைப் பார்த்தேன். நம்பர் வேறு. போகட்டும், சுட்டால் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து அவர் போட்டோவுக்கு முன்னால் வைத்தேன். பிரபு வர லேட். நாளைக்குக் காட்டலாம்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. தலை வருஷம் முடியவில்லை, அதனால் நமக்குப் பண்டிகை இல்லை. போன வருஷம் துப்பாக்கிக் கட்டைக்குச் சந்தனப் பொட்டு வைத்தார், காருக்கு வைத்தார், பேத்தி நிலாவின் கம்ப்யூட்டருக்கும் வைத்தார். அவள் "தாத்தா, நோ!" என்று துடைத்துக்கொண்டே ஓடினாள்.

மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். நிலா ஸ்கூல் விட்டு வந்ததும் வழக்கம் போல என் அறைக்கு வந்தாள். போட்டோவுக்கு முன்னால் பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். தாத்தாவின் தோட்டா கண்ணு, பழைய விலைக்கே கிடைத்தது என்றேன். மாடிக்கு ஓடினாள். போன் பேசும் சத்தம்.

முக்கால் மணியில் பிரபுவின் கார். ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்தான். பெட்டியை எடுத்துத் தன் பேன்ட் பையில் திணித்தான். என் தலையணைக்கு அடியில் கை விட்டுப் பார்த்தான். டிராயரை இழுத்தான், தையல் டப்பாவைத் திறந்தான். பில்லைத் தேடுகிறான் என்று நினைத்து, இந்தா என்று எடுத்துக் கொடுத்தேன். என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"இத எதுக்கும்மா வாங்கின?"

"நீதான சாமி வெல ஜாஸ்திங்கற. பழைய வெலைக்கே கெடச்சுது பாரு."

முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். நிலா வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"பாட்டி, யூ செட் இட். ஹாஸ்பிடல்ல. தாத்தாகூடவே போகணும்னு நீங்க சொன்னீங்க. நர்ஸ் ஆஸ்க்ட் மீ. ஐ டோல்ட் ஹர்."

நர்ஸ் அன்றைக்கே பிரபுவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் துப்பாக்கி இருந்தால் வெளியே கொண்டுபோய்விடு என்று சொன்னாளாம். அவர் உடலை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் துப்பாக்கி வெளியே போயிருக்கிறது. துடைப்பது, விலை, எல்லாம் அதற்குச் சொன்ன சாக்கு.

அடுப்பில் பால். அணைக்கப் போனேன். அங்கேயே நின்றேன்.

அக். 2, வியாழன்

மேகமூட்டம். சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தால் எல்லாரும் சொல்வதுதான். என்னை விட்டுட்டுப் போறீங்களே, என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க. சொல்லாவிட்டால்தான் ஊர் பேசும். எங்கம்மா, அப்பாவின் மேல் விழுந்து அதைத்தான் சொன்னாள். மூன்றாம் நாள் பங்காளியோடு வரப்புச் சண்டைக்குப் போனாள். அப்புறம் முப்பது வருஷம் இருந்தாள். அங்கே என்றால் நாலு பெண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு கூடவே அழுவார்கள். இங்கே ஆஸ்பத்திரி அறையில் பக்கத்தில் இருந்தது நிலா மட்டும். பதினாலு வயது. பாட்டி என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள், கேட்டபடி சொல்லிவிட்டாள்.

எட்டு மாசமாக என் அறையில் தரையில் உட்கார்ந்துதான் ஹோம்வொர்க். பாசம் என்று நினைத்தேன். பாசம்தான். காவலும்தான். அவள் தாத்தா தோட்டா இல்லாமல் கடை வாசலில் நின்றது மாதிரி, ஒன்றும் இல்லாத கையோடு காவல்.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன், அது அழுகிறபோது வருகிற பேச்சு கண்ணு என்று. முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு கேட்டாள். "பட் டிட் யூ மீன் இட், பாட்டி?"

அப்பா வரட்டும் கண்ணு, சேர்த்துச் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் பிரபுவும் அதையே கேட்டான். இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். முதல் ரெண்டு மாசம் காலையில் கண் விழிக்கும்போதெல்லாம் ஏன் விழித்தோம் என்றிருந்தது. பொய் சொல்ல மாட்டேன். துப்பாக்கியை நினைத்ததில்லை. இப்போது அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கேயாவது போக வேண்டும் என்றிருக்கிறது, அவ்வளவுதான்.

"எப்படிம்மா நான் நம்பறது?"

"சாகறவ எதுக்குடா வெல பாத்துக் கடை கடையா அலையறா?"

சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்து அழுதுவிட்டான். அவர் போனதிலிருந்து அவன் அழுது நான் பார்க்கவில்லை. நிலா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

துப்பாக்கி அந்தச் சிநேகிதர் வீட்டிலேயே இருக்கட்டும், பெட்டியும் அங்கேயே போகட்டும் என்று நானே சொன்னேன். மறுபடியும் அந்த மாதிரி தோன்றினால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றான். சரி என்றேன். ஒரு டாக்டரிடமும் பேசச் சொல்கிறான், தமிழ் தெரிந்தவராம். பார்க்கலாம்.

அக். 3, வெள்ளி

தைலம் வந்தது. மாமி போன். அவள் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. சாவி இன்னும் அவளிடம்தான்.

அக். 5, ஞாயிறு

காற்று இல்லை, நல்ல வெயில். தயிர்சாதம் கட்டினேன்.

ரேஞ்சுக்குப் போகலாம் என்று பிரபுவே கிளப்பினான். போகும் வழியில் சிநேகிதர் வீட்டில் துப்பாக்கியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டான். ரேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் டென்னிஸ் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி ஏதோ சொன்னார். அப்பா இல்லாமல் இங்கே சத்தமே இல்லை என்கிறாராம், பிரபு சொன்னான். பக்கத்தில் படபடவென்று சுட்டுக்கொண்டிருந்தார்கள். டென்னிஸ் சொன்னது எனக்குப் புரிந்தது. பிரபுவின் அப்பா ஒவ்வொன்று சுட்டதும் "ஆங்!" என்று கத்துவார்.

பிரபுவுக்குச் சுடத் தெரியாது, இஷ்டமும் இல்லை. பெட்டியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். நான் போட்டுச் சுட்டு முடித்து, துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகுதான் அடுத்தது. கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டேன்.

முதல் மூன்றும் காகிதத்திலேயே படவில்லை. தோள் மறந்துவிட்டது. நாலாவது ஓரத்தில். ஆறாவது நடுவிலிருந்த கறுப்பு வட்டத்தில். விரலெல்லாம் தோட்டாவில் தடவிய மெழுகின் பிசுக்கு, அதே புகை வாசனை. கண்ணில் தண்ணீர் வந்து கொஞ்ச நேரம் நிறுத்தினேன். அவன் என் முகத்தையே பார்த்தான். துடைத்துக்கொண்டு கையை நீட்டினேன். கொடுத்தான்.

பத்து முடிந்தது. கடைசி நாலும் ஒரே கை அகலத்துக்குள். தோட்டா நேராகத்தான் போகிறது.

அவன் போன் அதிர்ந்தது. போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, பேசுவதற்கு வெளியே போனான்.