முன்பு இருந்த நோய்: இல்லை

அப்பா,

இன்று ஆபரேஷனுக்கு என்று வந்த ஒரு பெரியவர் வேட்டி மடியை அவிழ்த்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தார். பாதி தீர்ந்த அட்டை, பஸ் டிக்கெட்டில் சுற்றியிருந்தது. கூட வந்த மகள் சட்டென்று அதை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "அது சத்து மாத்திரைங்க, எழுத வேணாம்" என்றார். நீங்களும் மடியில்தானே வைத்திருந்தீர்கள்.

பத்தாவதோடு நின்ற எனக்குக் கும்பகோணத்தில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இந்த மேசை வேலை கிடைத்தபோது நீங்கள் சிரித்தீர்கள். "வீட்டுல வாயே தொறக்காத புள்ள, ஊரு வயித்துவலியெல்லாம் விசாரிக்கப் போவுது." என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, முன்பு என்ன நோய், என்ன மாத்திரை என்று கேட்டு எழுதுவது என் வேலை. அந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டர் தொடங்குவார். அதே தாளிலிருந்துதான் பில்லுக்கான குறியீடுகளைப் போட்டு இன்சூரன்சுக்கு அனுப்புவார்கள்.

நெல் மூட்டை தூக்கித் தூக்கிக் குடல் இறங்கி, ஆபரேஷனுக்கு என்று நீங்களும் ஒருநாள் டோக்கனோடு என் முன் வந்து உட்கார்ந்தீர்கள். முன்பு என்ன நோய் என்ற வரியில் பேனா நின்றது. நெஞ்சுவலிக்குத் தஞ்சாவூரில் படுத்திருந்ததும், அதிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதும் எனக்குத் தெரியும். பாலிசி எடுத்தபோது நீங்கள் அதைச் சொல்லவில்லை.

"இல்லைன்னு போடும்மா. இருக்குன்னா இன்சூரன்சுல தள்ளிடுவாங்க."

"டாக்டர் கேட்டா?"

"கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

எழுதினேன். டாக்டர் தாளைப் பார்த்தபடியே, வேறு நோய் இல்லையே என்று கேட்டார். நீங்கள் தலையாட்டினீர்கள். நான் கதவருகே நின்றேன்.

ஆபரேஷன் முடிந்தும் ரத்தம் நிற்கவில்லை. தஞ்சாவூருக்குக் கொண்டுபோகும் ஆம்புலன்சில், பாபநாசம் தாண்டும்போது என் கையைப் பிடித்து, "அம்மாட்ட சொல்லாத" என்றீர்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் மாத்திரையைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் திறந்தது. அந்த மாத்திரையால்தானா என்று யாரும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் பயம்.

இன்று அந்த மகளிடம், "அக்கா, அட்டையக் குடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஒனக்கென்ன, சொல்றத எழுதுற வேலதானே?"

"எங்கப்பாவும் மடியிலதான் வச்சிருந்தாங்க. நான் இல்லைன்னு எழுதினேன். இப்ப அவங்க இல்லங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு பையைத் திறந்தார். அட்டையிலிருந்த பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினேன். அதைப் பார்த்த டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார். போகும்போது அந்த அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

உங்கள் தாள் என் நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறது. அதை யாராவது திறக்கும் சத்தம் கேட்டாலே திரும்பிப் பார்க்கிறேன். உங்கள் அட்டையில் மிஞ்சிய நான்கு மாத்திரைகள் என் பையில் இருக்கின்றன அப்பா. துவைக்க என்று அம்மா அந்தப் பையை எடுக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ச் சட்டென்று வாங்கிக்கொள்கிறேன்.