செவுரு இன்னும் இருக்குதுங்களா?

சாயங்காலம் கைபேசியில் உங்கள் பெயர் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது என்று தெரிந்தும், ஒரு நொடி நீங்கள்தான் என்று நம்பிவிட்டேன். எடுத்தால் உங்கள் வீட்டுக்காரம்மா. "அண்ணா, மேல கொட்டுதுங்க. மாட்டை மேட்டுல கட்டிக்குங்க" என்றார். நீங்கள் சொல்லும் அதே வார்த்தை. மலைமேல் வாழவந்தி நாட்டில் உங்கள் சரிவில் விழுந்த மழை அடிவாரத்தில் என் தோட்டத்தை எட்டுவதற்குள், மாட்டை அவிழ்த்துக் கட்ட நேரம் இருக்கும். அந்த நேரத்தை எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர் நீங்கள்தான்.

நாம் பழகியதே சண்டையில்தானே. ஓடை பெருகி என் வீட்டுக்குள் முழங்கால் அளவு செஞ்சேறு நின்ற மறுநாள், முதல் பஸ் பிடித்து மலையேறி வந்து, உங்கள் காட்டில் நின்று கத்தினேன். மரவள்ளிக் கிழங்கு அழுகிவிடக் கூடாது என்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக வாய்க்கால் கீறியிருந்தீர்கள். ஓடைக்கரை மூங்கிலை வெட்டிவிட்டு அங்கேயும் குச்சிக்கிழங்கு நட்டிருந்தீர்கள். தண்ணீர் நிற்காமல் ஓடியது, மண்ணையும் அள்ளிக்கொண்டு. அந்த மண்தான் கீழே ஓடையை மேடாக்கிவிட்டது. நான் கத்தி முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினீர்கள். எனக்கு அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மத்தியானம் வரை என் வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டினீர்கள். அப்புறம் கொல்லைப்பக்கம் போய், ஓடைக்குள் தள்ளி நான் கட்டியிருந்த கல் சுவரையும், அதற்குள் நின்ற இரண்டு வரிசைத் தென்னையையும் பார்த்தீர்கள்.

"மண்ணு என்னுதுதானுங்க, இல்லீன்னு சொல்லல. ஆனா ஓடை படுக்கற எடத்துல நீங்க தென்னை வச்சா, அது எங்கீங்க போயிப் படுக்கும்?"



அன்று பேசி முடிவு செய்தோம். நீங்கள் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, கரையை மூங்கிலுக்கே விடுவது. நான் சுவரை எடுப்பது. அந்த வருஷமே நீங்கள் செய்துவிட்டீர்கள். முதல் மழையில் கிழங்கு பாதி அழுகியதாம். உங்கள் வீட்டுக்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான்? ஒவ்வொரு மழைக்கும் கூப்பிட்டு மாட்டைக் கட்டச் சொன்ன பிறகு, "செவுரு இன்னும் இருக்குதுங்களா?" என்று சிரிப்பீர்கள். வருகிற கோடைக்கு எடுத்துவிடுகிறேன் என்பேன். எத்தனை கோடை! காய்க்கிற மரத்தை ஓடைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

உங்கள் காரியம் முடிந்து மலை இறங்கிய மறுநாள் கடப்பாரையை எடுத்தேன். கடைசிக் கல்லைப் பெயர்க்க இருபது நாள் ஆயிற்று.

இதை எழுதும்போது ஓடை தென்னைகளுக்கு நடுவே அகலமாகப் படுத்திருக்கிறது. ஒரு மரம் சாய்ந்துவிட்டது. என் வாசற்படி நனையவில்லை. தண்ணீரிலும் முன்போல அவ்வளவு சிவப்பு இல்லை, அது உங்கள் வரப்பு. எனக்குக் கீழே தோட்டம் வைத்திருப்பவரை நான் ஒரு மழைக்கும் கூப்பிட்டதில்லை. இன்று கூப்பிட்டு மாட்டைக் கட்டச் சொன்னேன்.

சாயங்காலம் உங்கள் வீட்டுக்காரம்மா சேதி சொல்லி முடித்தார். அந்தக் கேள்வி வரவில்லை. நானே சொன்னேன், "அம்மிணி, செவுத்தை எடுத்துட்டனுங்க."



"அவருகிட்டச் சொல்லிடறேனுங்கண்ணா" என்றார்.