ஞாயிற்றுக்கிழமை லாபம்

10 ஆகஸ்ட் 2008, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் ரிட்டயர்டு வாத்தியார் ஜேக்கப் சார் வழக்கம்போல கேம்ப் ரோட்டில் இருக்கும் என் பிரௌசிங் சென்டருக்கு வந்தார். வெளிநாட்டுப் பணத்தை வாங்கி விற்கும் லண்டன் ஃபாரெக்ஸ் கம்பெனியில் அவர் போட்ட பணத்துக்கு இன்றும் லாபம் ஏறியிருந்தது.

"ஆண்டவர் கொடுக்கிறார் தம்பி."

இன்று பொறுக்க முடியவில்லை. "சார், சனி ஞாயிறு அந்த மார்க்கெட்டே லீவு. லாபம் எங்கேருந்து வருது?" என்றேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் போட்டோம். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: பணம் வேண்டுமென்றால் முதலில் எங்களிடம் வரி கட்டுங்கள். திருட்டு நாய்கள்!

சார் முகம் வெளுத்துவிட்டது. "நம்ம சர்ச்சுல ஆறு பேரைச் சேர்த்துவிட்டேனே, அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அந்த ஆறு பேருக்கும் ஃபாரம் நிரப்பிக் காசு வாங்கியவன் நான். ஞாயிறு லாபத்தைப் போன மாதமே கவனித்தேன். வாடிக்கை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். த்தூ.