கடலுக்கும் அதே வார்த்தை

கண்ணு,

போன்ல பேசக் குரல் வரல, அதான் எழுதறேன். நர்ஸு படிப்பு நல்லா போவுதா? ரேபிஸ்ன்றது லத்தீன் வார்த்தை, வெறி, பைத்தியம்னு அர்த்தம், கடல் கொந்தளிச்சாலும் அதே வார்த்தையத்தான் சொல்வாங்கன்னியே. அப்போ சிரிச்சேன்.

மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சி கடலுக்குக் கெளம்பற அன்னிக்கு காசிமேட்டுல நாய் கடிச்சிது. ஒரு ஊசி குத்திகினு லாஞ்ச்சுல ஏறிட்டேன். மீதி ஊசிக்குத் தேதி வந்தப்போ நடுக்கடல்ல இருந்தேன்.

இப்போ உங்கம்மா சொம்புல தண்ணி குடுத்தா, பாத்ததுமே தொண்டை இறுக்கிக்குது. கோவத்துல குடிக்காம கீறேன்னு அவ திட்டிகினு கீறா.

நீயே அவகிட்ட சொல்லிடு. என்னை உள்ள வுட்டு வெளிய தாழ் போடணும். நீ வந்தாலும் கிட்ட வராத.

கடல் இன்னிக்கு அமைதியாத்தான் கீது.

உன் நைனா